திண்டிவனத்தில் தெரிந்த படம்

1

இந்தக் கதை ஒரு தலையாட்டலில் தொடங்கியது. ஒரு கடையில், ஒரு கேள்விக்கு, இல்லை என்று சொல்ல வேண்டிய பெண் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அதனால் அவளுடைய அக்கா, கல்யாணமான நாலாவது மாதத்தில், ஒரு தொலைக்காட்சிப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். கதை இவ்வளவுதான். நேரமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

தலையாட்டியது நான். ஆனால் 'நான்' என்று எழுதினால் பேனா நகரமாட்டேன் என்கிறது. இரண்டு நாள் முயன்று பார்த்தேன். 'நான்' என்று தொடங்கும் ஒவ்வொரு வாக்கியமும் மன்னிப்புக் கேட்கிறது. ஒரு கதை பத்துப் பக்கத்துக்கு மன்னிப்புக் கேட்டால் படிப்பவருக்குச் சலித்துவிடும். எனவே அவளுக்கு அம்மணி என்று பெயர் வைக்கிறேன். அக்கா அம்சவள்ளி. அப்பா பாண்டுரங்கன், திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், எடை பார்ப்பவர். பெயர்கள் நான் வைத்தவை. ஊர்களை மட்டும் மாற்றவில்லை. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே உள்ள முப்பத்தெட்டு கிலோமீட்டர் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

2

முதல் தொடக்கம்:

'1985-ஆம் ஆண்டு தை மாதம், ஒரு புதன்கிழமை மாலை, திண்டிவனம் கடைத்தெரு வழக்கத்தைவிட—'

வழக்கத்தைவிட என்ன? எப்போதும்போலத்தான் இருந்தது.

இரண்டாவது தொடக்கம்:

'மின்காந்த அலைகள் நேர்கோட்டில் செல்கின்றன.'

இது உண்மை. ஆனால் இப்படித் தொடங்கும் கதையை யார் படிப்பார்கள்? (இருந்தாலும் இந்த வரியை அடிக்காமல் விடுகிறேன். அம்மணி பி.எஸ்ஸி. இயற்பியல் மூன்றாம் ஆண்டில் இதைப் படித்தாள். பூமி உருண்டை, அலை நேர்கோடு, ஆகவே குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் அலை தலைக்கு மேலே போய்விடும் என்று படம் வரைந்து பரீட்சையில் எழுதினாள். பத்துக்கு எட்டு மதிப்பெண்.)

மூன்றாவது தொடக்கத்தைக் கடையிலிருந்தே எழுதிவிடுகிறேன். எப்படியும் அங்கே போய்த்தான் ஆக வேண்டும்.

3

விருத்தாசலம் என்பவரின் ரேடியோ கடை மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. மொட்டை மாடியில் உயரமான இரும்புக் குழாய், அதன் உச்சியில் ஆண்டெனா. சாயங்காலம் மெட்ராஸ் நிலையம் தொடங்கும் நேரத்தில் கடை வாசலில் எப்போதும் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் விழுப்புரம். சீர்வரிசையில் டிவி ஒன்று இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். பெயர் பெற்ற கம்பெனிப் பெட்டிகளைப் பாண்டுரங்கன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. விருத்தாசலம் அவரைக் கடைக்கோடி அலமாரிக்குக் கூட்டிப்போனார். பதினான்கு அங்குலம், கறுப்பு வெள்ளை. யாரும் கேள்விப்படாத பெயர் ஒன்று முகப்பில் ஒட்டியிருந்தது. கம்பியைச் செருகித் திருகினார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் தோன்றிச் செய்தி வாசித்தாள். ஓரத்தில் லேசாகப் புள்ளிகள் இருந்தாலும் அவள் மூக்குத்தி தெரிந்தது.

பாண்டுரங்கன் மனசு இளகிவிட்டது. ஆனாலும் எடை பார்க்கிறவர் அல்லவா, ஒரு கேள்வி கேட்டார். இது விழுப்புரத்தில் எடுக்குமா?

"மெட்ராஸ்ல இருந்து இம்மாந்தூரம் வந்த படம் இன்னும் கொஞ்ச தூரம் போவாதா? இன்னா, அது நடந்தா போவுது, கால் வலிக்க?" என்றார் விருத்தாசலம். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பாண்டுரங்கனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மகள் பக்கம் திரும்பினார். "அம்மணி, நீதான் இதெல்லாம் படிச்சிருக்கியே. அங்க எடுக்குமாம்மா?"

சிரித்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். விருத்தாசலமும் பார்த்தார். அம்மணிக்கு விடை தெரியும். அலை எட்டுவதற்குத் திண்டிவனமே விளிம்பு. இந்தக் குழாயின் உயரத்தால்தான் இங்கே பிடிக்கிறது. இன்னும் முப்பத்தெட்டு கிலோமீட்டர் தெற்கே போனால் அனேகமாக ஒன்றும் இருக்காது. மூன்றே வாக்கியம். வாயைத் திறந்தால் குரல் நடுங்கும் என்பதும் தெரியும். தலையை ஆட்டினாள்.

(காரணத்தை இன்னும் நல்லதாக எழுத முடியுமா என்று பார்த்தேன். அப்பாவின் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று ஒரு தடவை எழுதினேன். தன் படிப்பின்மேல் அவளுக்கே நம்பிக்கை இல்லை என்று இன்னொரு தடவை. இரண்டும் அடித்துவிட்டேன். ஏழெட்டு ஆண்கள் பார்த்தார்கள். அவ்வளவுதான்.)

4

கல்யாண மண்டபத்தில் பெட்டிக்குத் தனியாக ஒரு மாலை போட்டிருந்தார்கள்.

விழுப்புரத்தில் அதை முதன்முதலாகப் போட்ட அன்று நான் அங்கே இல்லை. அக்கா ஒரு கார்டில் மூன்று வரி எழுதியிருந்தாள். மீதியை நான் கட்டினேன். கட்டியது எது, கேள்விப்பட்டது எது என்று இப்போது எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மாமியார் வெள்ளையம்மாள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள். அந்தத் தெருவுக்கு அது முதல் டிவி. பெட்டியின் கண்ணாடியிலேயே நாலு மூலையிலும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். தேங்காய் உடைத்தாள். ஒரு பெரிய குண்டான் நிறைய மல்லாட்டை அவித்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்துக்கு நாற்பது பேர் வந்து கூடத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

சீனுவாசன், அதாவது மாப்பிள்ளை, திருகினான். உஸ் என்ற சத்தம். திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் கொட்டின. அதற்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் யாரையோ 'தங்கச்சி' என்று கூப்பிட்டது. தங்கச்சி அழுதாள். இருவரும் கண்ணில் படவில்லை.

கூட்டம் கால் மணி நேரம் பொறுத்தது. பிறகு பின்வரிசையில் ஒருத்தி, "இன்னா வெள்ளையம்மா, ஊட்டுக்குள்ள மழை பெய்யுது. கொடை எடுத்தாரவா?" என்றாள்.

மல்லாட்டையைத் தின்றுவிட்டு எழுந்து போனார்கள். தொலியை அம்சவள்ளி கூட்டி அள்ளினாள்.

[வெள்ளையம்மாளைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவளைக் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். மாமியாரை அப்படி எழுதுவது சுலபம், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தக் குண்டானை எழுதியபிறகு என்னால் முடியவில்லை. நாற்பது பேருக்கு மல்லாட்டை அவிப்பவள் எவ்வளவு ஆசையாக இருந்திருப்பாள். குடை கொண்டுவரவா என்று கேட்டவள் அவளுடைய சொந்த ஓரகத்தி. இருபது வருடமாக இவளை ஒரு வார்த்தையில் மடக்கக் காத்திருந்தவள். வெள்ளையம்மாளுக்கு அன்று போனது டிவி மட்டுமல்ல. இதனால் அவள் நல்லவள் ஆகிவிடவில்லை. கதைக்குத்தான் சிரமம் கூடிவிட்டது.]

5

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாண்டுரங்கன் விழுப்புரத்துக்குப் போனார். அம்மணியும் போனாள். விருத்தாசலம் ஒரு பூஸ்டர் கொடுத்து, இதை மாட்டினால் கண்ணாடிபோல வரும் என்று சொல்லியனுப்பியிருந்தார். பேருந்து விக்கிரவாண்டியில் நின்றபோது அம்மணி ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். இங்கேதான் எங்கேயோ அலை தரையைவிட்டு மேலே போகிறது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு கோடு போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

குழாயைச் சேர்த்து உயர்த்தியாயிற்று. மாடியில் பாண்டுரங்கன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். கூடத்தில் சம்பந்தி சுப்பராயலு பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நடுவில் படிக்கட்டில் அம்மணி. அப்பா வருதா என்று கேட்பார், அவள் கீழே எட்டிப் பார்த்துத் திரும்பிச் சொல்ல வேண்டும்.

"வருதா?"

"இல்லப்பா."

"சத்தமா சொல்லும்மா, காத்துல ஒண்ணும் கேக்கல."

ஒரு மணி நேரம் இப்படி நடந்தது. பூஸ்டரை மாட்டியதும் புள்ளிகள் பெரிதாகி, பளிச்சென்று ஆயின. வராத படத்தைப் பூஸ்டர் எப்படிப் பெருக்கும்? இரைச்சலைத்தான் பெருக்கும்.

"இம்மா நாளா தூறல். இப்போ அடைமழை" என்றார் சுப்பராயலு.

உள்ளேயிருந்து வெள்ளையம்மாள், யாரையும் பார்க்காமல், மூட்டையை எடை போடுகிறவருக்குப் பெட்டியை எடை போடத் தெரியவில்லை என்றாள். அப்பா காதில் அது விழுந்ததா என்று அம்மணிக்குத் தெரியவில்லை. அவர் குழாயைப் பிடித்த கையை எடுக்காமல் நின்றார். உள்ளங்கை முழுக்கத் துரு.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பெட்டியின்மேல் தப்பில்லை, தூரம்தான் என்று. ஆனால் அதைச் சொன்னால், எனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு தலையாட்டலுக்கு இரண்டு மாதத்தில் இவ்வளவு கனம் ஏறும் என்று யாருக்குத் தெரியும்.

('எனக்கு' என்று எழுதிவிட்டேன். 'அவளுக்கு' என்று படித்துக்கொள்ளுங்கள்.)

6

சித்திரையில், காற்றே இல்லாத ஒரு புழுக்கமான சாயங்காலம், அந்தப் பெட்டியில் படம் தெரிந்தது.

அம்சவள்ளி விளக்கேற்றிவிட்டுச் சும்மா திருகியிருக்கிறாள். புள்ளிகள் விலகிப் படம் வந்தது. துல்லியமாக, கால் மணி நேரம். வீட்டில் வேறு யாரும் இல்லை. பிறகு போய்விட்டது.

* இது நடக்கக்கூடியதுதான். தரைக்கு மேலே சூடான காற்று அடுக்காக நிற்கும்போது, நேராகப் போகிற அலை வளைந்து, எட்டாத ஊருக்கும் வந்து சேரும். பாடப்புத்தகத்தில் இது சின்ன எழுத்தில் இருந்தது. பரீட்சைக்கு வராது என்று பேராசிரியர் தாண்டிப் போய்விட்டார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அம்சவள்ளி அதைச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. அப்பாவைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று முடிவாயிற்று.

"நாலு மாசமா தெரு பூரா உத்து உத்துப் பாத்துச்சு, ஒரு நாய்க்குட்டி தெரியல. இவ ஒருத்தி கண்ணுக்கு மட்டும் ஒளி வந்துச்சாமா" என்றாள் வெள்ளையம்மாள்.

சீனுவாசன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். ரயில்வேயில் வேலை. யாராவது சண்டை போட்டால் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவான்.

அதன்பிறகு அந்த வீட்டில் அம்சவள்ளி எதைச் சொன்னாலும் அதே பதில்தான். பால் திரிந்துவிட்டது என்றாலும், தலை வலிக்கிறது என்றாலும், ஓ, உனக்கு மட்டும் தெரியுதா. வைகாசி பிறந்ததும் பெட்டியையும் அவளையும் சேர்த்துப் பேருந்தில் ஏற்றினார்கள். நல்ல பெட்டி வரும்போது அவளும் வரலாம். டிவியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நடத்துனர் அதற்கும் ஒரு டிக்கெட் போட்டார்.

7

திண்டிவனத்தில், அப்பா வீட்டு மாடியில், விழுப்புரத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்த அதே குழாய், அதே ஆண்டெனா. அந்த ஞாயிற்றுக்கிழமையே படம் தெரிந்தது. கதாநாயகனின் சட்டைப் பொத்தான்வரை தெரிந்தது.

பாண்டுரங்கன் முகத்தை நான் எப்படி எழுதுவது? 'அவர் முகம்—'

வேண்டாம். அவர் எழுந்துபோய்ச் சம்பந்திக்கு ஒரு கார்டு எழுதினார். ஒரு தடவை வந்து உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள். தான் ஏமாற்றுக்காரன் இல்லை என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் மகள் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நம்பினார்.

அடுத்த ஞாயிறு சுப்பராயலு வந்தார். அரைமணி நேரம் படம் பார்த்தார். இது வேறு பெட்டியோ என்று எழுந்து கிட்டே போனார். கண்ணாடி மூலையில் காய்ந்த சந்தனம் இருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நம்ம பொட்டிதான். அப்புறம் ஏன் நம்ம ஊட்ல எடுக்கல?"

அப்போதுதான் அம்மணி பேசினாள். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் அவள் யார் முன்னாலும் பேசியதில்லை. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய வட்டம் போட்டாள். மேலே மெட்ராஸ், இங்கே திண்டிவனம், அங்கே விழுப்புரம். மெட்ராஸ் ஒளிபரப்புக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு நேர்கோடு இழுத்தாள். அது திண்டிவனத்தை உரசிக்கொண்டு போய், விழுப்புரத்துக்கு மேலே வெறும் வானத்தில் முடிந்தது. பெட்டி நல்ல பெட்டி, அக்கா பார்த்ததும் நிஜம் என்றாள். குரல் நடுங்கியது. நிறுத்தவில்லை.

சுப்பராயலு கவனமாகக் கேட்டார். முட்டாள் இல்லை அவர். தாளைத் திருப்பிவைத்துப் பார்த்தார், சரியாகப் புரிந்துகொண்டார்.

"ஏம்மா, இதெல்லாம் எப்போ படிச்ச?"

"போன வருஷங்க."

"அப்போ பொட்டி வாங்கறதுக்கு முந்தி."

அம்மணி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"வாங்கறப்ப நீயும் கடைக்குப் போயிருந்தியா?"

அம்மணி வாயைத் திறப்பதற்குள் பாண்டுரங்கன் பதில் சொன்னார். பெருமையாகச் சொன்னார். "ஆமாங்க சம்பந்தி. இவளைக் கேட்டுதாங்க வாங்கனேன்."

சுப்பராயலு தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இத்தினி நாளா, ஏமாந்து வாங்கிட்டீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். தெரிஞ்சேதான் குடுத்திருக்கீங்க" என்றார். சத்தம் போடவில்லை. காப்பி அப்படியே இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பாண்டுரங்கன் மகளைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப்பிறகு எந்த விஷயத்துக்கும் அவளைக் கேட்டதில்லை.

8

ஆக, முடிவுகள்.

முதல் முடிவு: ஒரு நாள் விழுப்புரத்துக்குப் பக்கத்திலும் கோபுரம் வருகிறது. எல்லார் வீட்டிலும் படம் தெரிகிறது. அதற்குள் அம்சவள்ளிக்கு எத்தனை வயது ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். இந்த முடிவு வேண்டாம்.

இரண்டாவது முடிவு: சீனுவாசன் வீட்டை எதிர்த்துக்கொண்டு வருகிறான். எனக்கு டிவி வேண்டாம், நீ வந்தால் போதும் என்கிறான். வாரப்பத்திரிகைக்கு அனுப்பினால் போடுவார்கள். ஆனால் மூன்று மாதத்தில் அவன் ஒரே ஒரு கார்டு எழுதினான். அதில் தன் பழைய சட்டைகள் இரண்டு அங்கே வந்துவிட்டனவா என்று கேட்டிருந்தான்.

மூன்றாவது முடிவு: எதுவும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பெண்கள் வந்து படம் பார்க்கிறார்கள். அவர்கள் தன்னைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது பிடிக்காமல் அம்சவள்ளி அடுப்படியில் இருக்கிறாள். இது முடிவே இல்லை. இப்போது ஆவணி, இன்னும் இதுதான் நடக்கிறது.

நாலாவதாக, இதுவரை எழுதியதை உங்கள் கையில் கொடுத்து, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவதாக இருந்தேன். அதற்கு ஒரு பத்திகூட எழுதி வைத்தேன்.

9

நேற்று அக்கா இந்தத் தாள்களை எடுத்துப் படித்துவிட்டாள். மிஷின் தையலுக்கு நூல் தேடியவள் என் டிரங்குப் பெட்டியைத் திறந்திருக்கிறாள். நான் கொல்லையிலிருந்து வந்தபோது எட்டாவது பகுதியில் இருந்தாள். பிடுங்கலாமா என்று நினைத்தேன். முழுசாகப் படிக்கவிட்டேன்.

"இது யாருடி அம்மணி?" என்று சிரித்தாள். வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.

பிறகு தாள்களை முதலிலிருந்து புரட்டினாள். எதையோ தேடுகிறாள் என்று தெரிந்தது.

"இதுல நான் எங்கடி பேசறேன்?"

எனக்கு விளங்கவில்லை.

"மாமனார் பேசறார். மாமியா பேசறாங்க. அந்த கடைக்காரன், அத்தையோட ஓரகத்தி, எல்லாரும் பேசறாங்க. எனக்குன்னு ஒரு வார்த்தை இல்ல. தொலி கூட்டறேன், பொட்டியைத் தூக்கிக்கினு வர்றேன், அடுப்பாண்ட நிக்கறேன்."

நீ ஒன்றும் சொல்லவில்லையே என்றேன்.

"நீ கேட்டியா?"

இல்லை. என் தலையாட்டலைப் பற்றியே எட்டுப் பகுதி எழுதியிருக்கிறேன்.

அவள் ஆறாவது பகுதியை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை என்ற வரி.

"இது தப்பு. அத்தை கொல்லையிலதான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருந்தாங்க. அவரு உள்ள தூங்கிக்கினு இருந்தாரு. ஒரு குரல் குடுத்திருந்தா ரெண்டு பேரும் வந்திருப்பாங்க."

"ஏன் கூப்புடல?"

ஜாக்கெட் துணியை மடித்துக்கொண்டே யோசித்தாள்.

"கூப்புடணும்னுதான் எழுந்தேன். கூப்ட்டா எல்லாரும் வந்து உக்காந்துடுவாங்க. அந்த ஊட்ல நான் தனியா உக்காந்ததே இல்லடி. கொஞ்ச நேரம் பாத்துட்டு கூப்புடலாம்னு உக்காந்தேன். அதுக்குள்ள போயிடுச்சு."

என்ன பார்த்தாய் என்றேன்.

"யாரோ ஒருத்தர் நாத்து நடறதைப் பத்தி சொல்லிக்கினு இருந்தாரு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் தாள்களை ஒழுங்காக அடுக்கி என் கையில் கொடுத்தாள். இதையும் எழுது, ஆனால் என்மேல் பரிதாபப்பட்டு எழுதாதே என்றாள்.

10

இன்று காலை சீனுவாசன் வந்தார். (இதுவரை அவரை 'அவன்' என்றே எழுதியிருந்தேன். நேரில் பார்த்தபிறகு அப்படி வரவில்லை.) எதற்கு வந்தார் என்று சொல்லவில்லை. அவர் அப்பா அனுப்பினாரா, தானாக வந்தாரா தெரியாது. கையில் ஒரு பை இருக்கிறது. அப்பா அவருக்குக் குடிக்கக் கலர் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். அம்மா என்ன சமைப்பது என்று தெரியாமல் அரிசியைக் களைந்துகொண்டே இருக்கிறாள்.

நான் கொல்லைக் கதவருகே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அக்கா வந்து நின்றாள். முகம் கழுவியிருந்தாள், பொட்டு வைக்கவில்லை.

"போவப் போறியா?" என்று கேட்டேன். இப்போதாவது கேட்டேன்.

"மொதல்ல அவர்கிட்ட பேசணும். நீ எழுதறதை நிறுத்து" என்றாள். முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முடிவை உங்களிடம் கொடுப்பதாக எழுதி வைத்திருந்த பத்தியைக் கிழித்துவிட்டேன். பெண் பார்த்த நாளிலிருந்து அவளுக்காக முடிவு செய்தவர்கள் போதும். அந்த வரிசையில் நீங்களும் வேண்டாம், நானும் வேண்டாம்.

கதவுக்கு உள்ளே அவள் பேசுகிறாள். வார்த்தைகள் புரியவில்லை, குரல் மட்டும் கேட்கிறது. வெகுநேரமாக அவள் குரல்தான்.